நாள் முழுவதும் படமெடுக்கும் அணிகேமரா: முதல் மாதிரியை நீங்களே செய்ய முழுமையான வழிகாட்டி

சட்டையில் மாட்டிக்கொண்டால் அரை நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுத்து, இரவு வரை பேட்டரி தாங்கி, அன்றைய நாளைப் படவரிசையாகத் திருப்பித் தரும் சிறு கருவி ஒன்றை இங்கே வடிவமைக்கப் போகிறோம். காணொளி எடுக்கும் கேமரா அல்ல இது. நாள் முழுக்கக் காணொளி எடுத்தால் பேட்டரியும் தாங்காது, அதைத் திரும்பப் பார்க்க இன்னொரு ஆயுளும் வேண்டும். இடைவெளி விட்டு எடுக்கும் நிழற்படங்களே அன்றாட வாழ்வைப் பதிய ஏற்றவை.

இந்த வழியை முதலில் தெளிவாகக் காட்டியது சென்ஸ்கேம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் லிண்ட்சே வில்லியம்ஸ் உருவாக்கியது. கழுத்தில் தொங்கும்; மீன்கண் லென்ஸ் இருக்கும்; வெளிச்சம், அசைவு, உடல் வெப்பம் ஆகியவற்றை உணர்ந்து தக்க நேரத்தில் படமெடுக்கும். நினைவிழப்பு நோயாளிகள் மாலையில் அந்தப் படங்களைப் புரட்டிப் பார்த்து நாளை மீட்டெடுக்க அது உதவியது. 2012இல் மெமோட்டோ என்ற பெயரில் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, பின்னர் நேரேட்டிவ் கிளிப் ஆன ஸ்வீடன் கருவி 36 × 36 × 9 மி.மீ. அளவும் 20 கிராம் எடையும் கொண்டது. 30 நொடிக்கு ஒரு படம் எடுத்தது. ஆட்டோகிராஃபர் கேமராவில் லென்ஸை மூட ஒரு சுழல் மூடி இருந்தது. இந்தப் பழைய கருவிகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். எத்தனை மெகாபிக்சல் என்பது இங்கே இரண்டாம் பட்சம். உடலில் ஆடாமல் நிற்கிறதா, இரவு வரை உயிரோடு இருக்கிறதா, நினைத்த கணத்தில் நிறுத்த முடிகிறதா என்ற மூன்றும்தான் கருவி நாலாம் நாளும் சட்டையில் இருக்குமா, மேசை இழுப்பறைக்குப் போகுமா என்று முடிவு செய்கின்றன. அதனால் போர்டை வாங்குவதற்கு முன்பே உடலிலிருந்து தொடங்குகிறோம்.

படி 1: மின்சாரம் இல்லாத பொம்மை

காலியான தீப்பெட்டி ஒன்று, பத்து ரூபாய் நாணயங்கள் ஐந்து, கொஞ்சம் பஞ்சு. ஒரு நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம் என்பதால் ஐந்தும் சேர்ந்து 38 கிராம். நம் கருவியின் எடையும் கிட்டத்தட்ட அதுதான், அளவும் தீப்பெட்டிக்குச் சற்றுதான் கூடும். நாணயங்கள் குலுங்காதபடி பஞ்சு அடைத்து, டேப் சுற்றி, முன்பக்கம் லென்ஸ் வரவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். ஒரு முழு நாள் அணிந்து பாருங்கள். பேருந்தில் ஏறுங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள், சமையுங்கள், குழந்தையைத் தூக்குங்கள்.

கவனிக்க வேண்டியவை: ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் நடக்கும்போது கருவி தானே சுழன்று வயிற்றைப் பார்த்து நிற்கும். கயிற்றை இரு மூலைகளிலும் தனித்தனியாகக் கட்டினால் சுழற்சி நின்றுவிடும். ஆனால் ஊசலாட்டம் நிற்காது. கிளிப்போ காந்தமோதான் ஊசலாட்டத்தைத் தீர்க்கும். புடவை கட்டுபவர்களுக்கு முந்தானை இடத்தோளில் வருவதால் இடது மார்புப் பக்கம் உதவாது; வலப்பக்கம் ரவிக்கை விளிம்பில் மாட்ட வேண்டும். துப்பட்டா அணிந்தால் அதன் மேலேயே மாட்டுவது நல்லது, இல்லாவிட்டால் பாதிப் படங்களில் துணிதான் இருக்கும். மெல்லிய பருத்திச் சட்டையில் 38 கிராம் துணியை முன்னுக்கு இழுத்துக் கருவியைத் தரையைப் பார்க்க வைக்கும். தொங்கலாக அணிந்தால், மார்பு அல்லது வயிற்றின் சரிவில் சாய்ந்து கூரையைப் பார்க்கும். பொம்மையின் பின்னால் அட்டையை ஆப்பு வடிவில் மடித்து ஒட்டி, லென்ஸ் வட்டம் நேர்முன்னே பார்க்கும்வரை திருத்துங்கள். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 பாகைக்குள் வரும். கேஸ் வரையும்போது இது தேவைப்படும்.

மறுநாள், அதே இடத்தில் ஒரு பழைய கைபேசி. சட்டைப் பையிலிருந்து கேமரா மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, இடைவெளிப் படச் செயலி ஒன்றில் 30 நொடி வைத்து விடுங்கள். சாதாரண லென்ஸ், அகல லென்ஸ் இரண்டிலும் அரைநாள் அரைநாள். சாதாரண லென்ஸில் எதிரே நிற்பவரின் தலை வெட்டுப்பட்டுப் போயிருக்கும். மேசையில் வேலை செய்யும்போது திரையின் அடிப்பாகம் மட்டும் தெரியும். அகல லென்ஸ் ஏன் கட்டாயம் என்பதை அந்த இரண்டு அரைநாட்கள் சொல்லிவிடும்.

படி 2: உதிரிபாகங்கள்

முதல் மாதிரிக்குச் சொந்தமாகச் சர்க்யூட் போர்டு வரைய வேண்டாம். சீட் ஸ்டுடியோவின் ஷாவ் இஎஸ்பி32எஸ்3 சென்ஸ் போர்டை எடுத்துக்கொள்வோம். 21 × 17.8 மி.மீ. அளவுக்குள் கேமரா இணைப்பு, மைக்ரோ எஸ்டி கார்டு இடம், லித்தியம் பேட்டரி சார்ஜர், படத்தைத் தாங்கும் 8 எம்பி பிஎஸ்ரேம் எல்லாம் இதில் உண்டு. மலிவாகக் கிடைக்கும் இஎஸ்பி32-கேம் போர்டு பரிசோதனைக்குச் சரி. ஆனால் அளவு 40 மி.மீ. நீளம், பேட்டரி சார்ஜர் இல்லை. உடலில் அணியும் கருவிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

வாங்க வேண்டியவை:
- ஷாவ் இஎஸ்பி32எஸ்3 சென்ஸ் போர்டு 1
- ஓவி2640 கேமரா, 120 பாகை அகல லென்ஸுடன், 24 பின் பட்டை ஒயர் கொண்டது 1 (போர்டுடன் வரும் லென்ஸ் குறுகியது, அதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்டுடன் ஓவி3660 வந்திருந்தால் நிரலில் உணரியின் பெயர் மாறும்)
- 3.7 வோல்ட், 500 மில்லிஆம்ப்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளது 1
- எல்ஐஎஸ்3டிஹெச் முடுக்கமானி (அசைவையும் சாய்வையும் உணரும்) மாட்யூல் 1
- டிஎஸ்3231 கடிகார மாட்யூல், சிறிய வகை 1
- 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு 1
- 10 மி.மீ. நாணய வடிவ அதிர்வு மோட்டார், 2என்2222 டிரான்சிஸ்டர், 1என்4148 டையோடு, 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒவ்வொன்றிலும் ஒன்று
- 220 கிலோஓம் ரெசிஸ்டர் 2, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 1
- சிவப்பு எல்இடி 1, 470 ஓம் ரெசிஸ்டர் 1, அழுத்து பட்டன் 1, ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் இயங்குவது) 1, 3 × 1 மி.மீ. காந்தம் 1

பேட்டரியின் மேல் 503035 போன்ற எண் இருக்கும். 5.0 மி.மீ. தடிமன், 30 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம் என்று பொருள். நமக்கு அதுவே பொருந்தும். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத செல்லை நெஞ்சில் மாட்டாதீர்கள். இதில் சமரசம் கூடாது.

முடுக்கமானிக்குப் பலரும் உடனே எம்பியு6050 வாங்குவார்கள். அது கைரோவுடன் சேர்ந்து மில்லிஆம்ப் கணக்கில் குடிக்கும். போதாததற்கு அதன் ஐ2சி (பல மாட்யூல்களை இரண்டே ஒயரில் இணைக்கும் முறை) முகவரியும் டிஎஸ்3231 முகவரியும் ஒன்றே, ஹெக்ஸ் 68. எல்ஐஎஸ்3டிஹெச் மைக்ரோஆம்ப் கணக்கில்தான் எடுக்கும், முகவரி மோதலும் இல்லை. கடிகார மாட்யூல் எதற்கு என்றால், ஆழ்தூக்கத்தில் (படங்களுக்கு இடையே போர்டு ஏறக்குறைய முழுதாக அணைந்திருக்கும் நிலை) போர்டின் உள் கடிகாரம் வெப்பநிலைக்கேற்ப ஓடும் வேகத்தை மாற்றிக்கொள்ளும். ஒரே நாளில் நிமிடக் கணக்கில் பிசகும். அன்றாடப் பதிவில் நேரம் தவறினால் மற்ற எல்லாம் தவறு. பெரிய நீலநிற டிஎஸ்3231 மாட்யூலை வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அதில் பொத்தான் செல்லைச் சார்ஜ் செய்யும் சிறு சர்க்யூட் இருக்கும். சார்ஜ் ஆகாத சிஆர்2032 செல்லை அதில் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் வீங்கும். அந்த 200 ஓம் ரெசிஸ்டரை சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள்.

64 ஜிபி கார்டு வாங்காதீர்கள். அவை எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் வரும். போர்டு ஃபாட்32ஐத்தான் படிக்கும்.

படி 3: மின்கணக்கு

சால்டர் தொடுவதற்கு முன் காகிதத்தில் போட வேண்டிய கணக்கு இது. விழித்து, கேமராவை எழுப்பி, படமெடுத்து, கார்டில் எழுதித் தூங்கும்வரை 2.5 நொடி ஆகிறது என்றும் அப்போது சராசரி 150 மில்லிஆம்ப் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு 375 மில்லிஆம்ப்-நொடி, அதாவது 0.104 மில்லிஆம்ப்-மணி. மணிக்கு 120 படம் என்றால் 12.5. தூக்கத்தில் கேமரா, கார்டு எல்லாம் சேர்த்து 3 மில்லிஆம்ப் கசிகிறது என்றால் மணிக்கு இன்னும் 3. மொத்தம் 15.5. ஒரு நாளில் 14 மணி நேரம் அணிந்தால் 217 மில்லிஆம்ப்-மணி. 500 பேட்டரியில் நம்பத்தக்கது 80 விழுக்காடு, 400. ஆக, போதும், பேட்டரி முதுமையடைய இடமும் இருக்கிறது. இதுவே தூங்காமல் 120 மில்லிஆம்பில் ஓடினால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கணக்கில் ஒளிந்திருக்கும் பாடத்தைப் பாருங்கள். தூக்கக் கசிவை முற்றிலும் ஒழித்தாலும் மணிக்கு 3தான் மிச்சம். விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நொடி குறைத்தால் 5 மிச்சம். மின்சாரத்தையே துண்டிக்கும் டைமர் சில்லுகள், மாஸ்ஃபெட் என்று முதல் மாதிரியிலேயே சிக்கலாக்குவதைவிட, நிரலை வேகமாக எழுதுவதில் நேரத்தைச் செலவிடுவது லாபம்.

சேமிப்பு: 1600 × 1200 படம் சராசரி 250 கேபி என்றால், 1680 படங்களுக்கு 420 எம்பி. 32 ஜிபி கார்டு இரண்டு மாதம் தாண்டித் தாங்கும்.

படி 4: இணைப்புகள்

போர்டில் கேமராவும் கார்டும் தங்களுக்கான கால்களை (இணைப்பு முனைகளை) முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. மீதியை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டி0: பேட்டரி அளவீடு. இரண்டு 220 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக பேட்டரி நேர்முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போட்டு நடுப்புள்ளியை டி0க்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட். இந்தப் போர்டில் பேட்டரி வோல்டேஜைத் தானாக அளக்கும் வசதி இல்லை. இது இல்லாமல் விட்டால் கார்டு கெடும், ஏன் என்று பின்னால் வரும்.
டி1: பட்டன், மறுமுனை கிரவுண்ட்.
டி2: அதிர்வு மோட்டார். 1 கிலோஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. மோட்டாருக்குக் குறுக்கே டையோடு, கோடு போட்ட முனை நேர்ப்பக்கம்.
டி3: முடுக்கமானியின் குறுக்கீட்டுக் கால். ஆழ்தூக்கத்திலிருந்து எழுப்பும் திறன் இந்தக் காலுக்கு உண்டு.
டி4, டி5: ஐ2சி. முடுக்கமானியும் கடிகாரமும் இதே இரண்டு ஒயரில்.
டி6: எல்இடி, 470 ஓம் வழியாக.
டி7: ரீட் சுவிட்ச், மறுமுனை கிரவுண்ட்.

மோட்டாரை டி6இல் போட்டுவிடாதீர்கள். போர்டு எழும்போதெல்லாம் டி6 வழியாகத் தொடக்கச் செய்திகள் வெளியேறும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சில் விர்ரென்று அதிரும். எல்இடிக்கு அந்தச் சிமிட்டல் ஒரு கெடுதலும் செய்யாது.

பேட்டரி ஒயர்களை போர்டின் பின்பக்கத் தகடுகளில் சால்டர் செய்யும்போது நேர்முனை, எதிர்முனையை மல்டிமீட்டரால் உறுதி செய்த பிறகே தொடுங்கள். ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம். மாற்றி வரும் பேட்டரிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒயர். மற்றதன் முனையில் டேப். சால்டர் செய்த இடத்தின் மேல் கப்டான் டேப் (வெப்பம் தாங்கும் மின்காப்பு டேப்) ஒட்டிய பிறகே பேட்டரியை அருகில் படுக்க வையுங்கள்.

படி 5: நிரல்

வரிசை எளிது: விழி, ஷட்டர் (லென்ஸை மூடும் தகடு, படி 7இல் வரும்) மூடியிருக்கிறதா என்று பார், பேட்டரியைப் பார், அசைவு அடங்கக் காத்திரு, படமெடு, சரிபார், எழுது, தூங்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது.

ஷட்டர் மூடியிருந்தால் கேமராவைத் தொடாமலே தூங்கப் போக வேண்டும். பேட்டரி 3.5 வோல்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டாரை மூன்று முறை அதிரவிட்டு, பிறகு படமெடுப்பதை நிறுத்திவிடுங்கள். கேமரா எழும்போதும் கார்டு எழுதும்போதும் மின்னோட்டம் திடீரென்று எகிறும். தளர்ந்த பேட்டரியில் வோல்டேஜ் சரிந்து போர்டு நடுவில் மறுதொடக்கம் ஆகும். கோப்பு அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும்போது அது நேர்ந்தால் அன்றைய படங்கள் மொத்தமும் போகலாம். அதனால்தான் படத்தை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, மூடி, பின் உண்மைப் பெயருக்கு மாற்றச் சொல்கிறோம்.

மங்கலான படம் இந்தக் கருவிகளின் பொதுவான நோய். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் வெளிப்பாட்டு நேரம் 1/15 நொடி வரை நீளும்; நடக்கும் உடலில் அது கலங்கிய படம். முடுக்கமானியை ±2 ஜி அளவில், நொடிக்கு 25 முறை படிக்கும்படி வையுங்கள். 0.3 நொடி நேரத்துக்கு மாற்றம் 0.05 ஜிக்குக் கீழே இருந்தால் அந்தக் கணத்தில் எடுக்கலாம். 4 நொடிக்குள் அப்படி ஒரு கணம் வராவிட்டால் கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நடக்கும்போது எப்படியும் தெளிவாகவே வரும். இந்தக் காத்திருப்பு கேமராவை எழுப்புவதற்கு முன்பே முடிய வேண்டும், அதுவும் போர்டு இலகுதூக்கத்தில் இருந்துகொண்டு. கேமராவை எழுப்பிவிட்டுக் காத்திருந்தால் மின்கணக்கு தலைகீழாகும்.

கேமரா எழுந்தவுடன் வரும் முதல் சில சட்டகங்கள் பச்சையாகவோ இருட்டாகவோ இருக்கும். தானியங்கி வெளிப்பாடும் வெண்சமநிலையும் நிலைக்க 6 முதல் 8 சட்டகங்களை எறிந்துவிடுங்கள். கடைசியாக நிலைத்த வெளிப்பாட்டு அளவை ஆழ்தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வைத்து, அடுத்த முறை அங்கிருந்து தொடங்கினால் 3 சட்டகம் போதும். விழிப்பு நேரத்தைக் குறைக்க இதுவே கைமேல் பலன் தரும் வழி. அடுத்தது, தூக்கத்திலிருந்து எழும்போது நிரலைச் சரிபார்ப்பதைத் தவிர்க்கும் துவக்க அமைப்பு, பிஎஸ்ரேம் சோதனையை நிறுத்தும் அமைப்பு. வைஃபையை எந்த நிலையிலும் தொடங்க வேண்டாம். படங்களை கார்டைக் கழற்றியே எடுக்கலாம்.

ஜேபெக் தர எண்ணில் சிறிய எண்தான் உயர்ந்த தரம். 12 வையுங்கள். 10க்குக் கீழே போனால், மரங்களும் கூட்டமும் நிறைந்த காட்சியில் படம் அதற்கு ஒதுக்கிய நினைவக இடத்தில் அடங்காமல் கீழ்ப்பாதி சாம்பலாக வெட்டுப்படும். எழுதுமுன் கடைசி இரண்டு பைட்டுகள் எஃப்எஃப், டி9 தானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருமுறை மறுபடி எடுங்கள்.

கேமராவின் கட்டுப்பாட்டு ஒயர்களும் ஐ2சி வகைதான், ஆனால் வேறு கால்களில். இரண்டையும் ஒரே ஐ2சி போர்ட் எண்ணில் தொடங்கினால் முடுக்கமானி சிலநேரம் பதில் தரும், சிலநேரம் தராது. காரணம் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும். கேமராவுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள்.

நாளுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மணிக்கு ஒரு கோப்புறை, கோப்பின் பெயர் மணி-நிமிடம்-நொடி என ஆறு இலக்கம். ஒரே கோப்புறையில் ஆயிரக்கணக்கில் குவித்தால் ஃபாட் முறையில் ஒவ்வொரு புதுக் கோப்புக்கும் தேடல் நேரம் கூடி, மாலைக்குள் விழிப்பு நேரம் இரட்டிப்பாகும். கூடவே நேரம், பேட்டரி வோல்டேஜ், முடுக்கமானியின் மூன்று அச்சு எண்கள், விழித்திருந்த மில்லிநொடி ஆகியவற்றை ஒரு வரியாக எழுதும் குறிப்புக் கோப்பும் வேண்டும். மூன்று அச்சு எண்கள் இருந்தால், சாய்ந்த படங்களைப் பிறகு நிமிர்த்திவிடலாம்.

தூங்கப் போகும்போது கார்டை முறையாகக் கழற்றி, அதன் தேர்வுக் காலான ஜிபிஐஓ 21ஐ உயர்நிலையில் வைத்துப் பூட்டுங்கள். மிதக்கவிட்டால் சில கார்டுகள் தூங்காமல் மின்சாரம் தின்னும். ஓவி2640க்கு இந்தப் போர்டில் அணைக்கும் கால் இல்லை. உணரியின் காம்2 பதிவேட்டில் 4ஆம் பிட்டை 1 ஆக்கினால் அது காத்திருப்பு நிலைக்குப் போகும், தரவுத்தாளின்படி 600 மைக்ரோஆம்ப்.

கருவி ஐந்து நிமிடம் அசையாமல், தட்டையாகவும் கிடந்தால் யாரோ கழற்றி மேசையில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். முடுக்கமானி எழுப்பும்வரை முழுத்தூக்கம். அசையாமை மட்டும் போதாது, தட்டையும் வேண்டும். இல்லாவிட்டால் அமைதியாக உட்கார்ந்து படிக்கும் ஆளையும் மேசை என்று எண்ணிவிடும்.

படி 6: கேஸ்

ஏறக்குறைய 50 × 36 × 17 மி.மீ. பேட்டரி பின்னால், போர்டு முன்னால், நடுவில் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு. சால்டர் முனைகள் பேட்டரி உறையைக் குத்தாமல் காப்பது அந்தத் தகடுதான். பேட்டரி அறையில் தடிமன் பக்கம் அரை மி.மீ. காலி விடுங்கள், செல் காலப்போக்கில் சற்றுப் பருக்கும். கேஸ் ஸ்க்ரூக்களின் முனை எந்த ஆழத்தில் முடிகிறது என்பதை வரைபடத்தில் பேட்டரியோடு வைத்துச் சோதியுங்கள்.

3டி பிரிண்டுக்கு பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 பாகை செல்சியஸை நெருங்கினாலே அது இளகும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் கேஸ் வளைந்துவிடும். பிஇடிஜி 80 வரை தாங்கும். ஆனால் பேட்டரி தாங்காது என்பதால் கருவியைக் காரில் விட்டுப் போவதே கூடாது. சுவர் 1.6 மி.மீ., 0.4 நாசிலில் நான்கு சுற்று. ஆப்புக் கோணத்தைப் பின்மூடியில் சேருங்கள்.

லென்ஸ் துளை நேர்க்குழாயாக இருந்தால் 120 பாகை லென்ஸில் நான்கு மூலையும் கறுக்கும். துளையை வெளிப்பக்கம் அகன்ற கூம்பாக்கி, லென்ஸ் முகப்பு மேற்பரப்பிலிருந்து அரை மி.மீ. மட்டும் உள்ளே இருக்கும்படி அமையுங்கள். முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைக்க வேண்டாம். விளக்குகளின் பேய்ப்பிம்பம் விழும். எல்இடியின் ஒளி கேஸுக்குள்ளேயே பாய்ந்து படத்தின் ஓரத்தில் செம்மை தெரியும். லென்ஸைச் சுற்றிக் கறுப்பு நுரைவளையம் ஒட்டினால் தீரும். கேமராவின் பட்டை ஒயரைக் கூர்மடிப்பாக மடக்காமல் 3 மி.மீ. வளைவோடு திருப்புங்கள். கோடு கோடாக, ஊதா நிறமாகப் படம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த ஒயரையும் அதன் தாழ்ப்பாளையும்தான்.

மாட்டுவதற்கு உறுதியான உலோகக் கிளிப் போதும். காந்தம் என்றால் துணிக்கு உள்பக்கம் ஒரு தகடு, 10 × 2 மி.மீ. நியோடிமியக் காந்தம் நான்கு. பேஸ்மேக்கர் பொருத்தியவர் அணியவும் கூடாது, அவரை அணைத்துக்கொள்ளும் வாய்ப்புள்ளவர் அணியவும் கூடாது, அவர்களுக்குக் கிளிப்தான்.

படி 7: நிறுத்தும் வழி

ஷட்டர் என்பது லென்ஸின் மேல் நகரும் 1 மி.மீ. தகடு. கறுப்பு பிளாஸ்டிக் என்று நம்பாதீர்கள். வெயிலில் மெல்லிய தகடு வழியாக ஒளி ஊடுருவும். உள்பக்கம் அலுமினிய டேப் ஒட்டுங்கள். தகட்டின் ஓரத்தில் 3 × 1 மி.மீ. காந்தம், மூடும்போது அது ரீட் சுவிட்ச் மேல் வந்து நிற்கும். கிளிப்பில் காந்தம் பயன்படுத்தினால் ரீட் சுவிட்சை அதற்கு எதிர்க்கோடிக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் ஷட்டர் எப்போதும் மூடியிருப்பதாகவே கருவி நினைக்கும். தகட்டுக்கு வெளிர்நிறம் கொடுங்கள்: எதிரே இருப்பவர் இரண்டு மீட்டரிலிருந்து பார்த்தாலே மூடியிருப்பது தெரிய வேண்டும். மென்பொருளில் மட்டும் நிறுத்தும் கேமராவை நம்பச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. நாம் அக்கறையோடு செய்ய வேண்டிய பாகம் இதுதான்.

பட்டனை ஒருமுறை அழுத்தினால் 15 நிமிட நிறுத்தம், ஒரு அதிர்வு. மூன்று நொடி அழுத்தினால் கடைசி ஐந்து நிமிடப் படங்கள் அழியும், இரண்டு அதிர்வு. அணிந்தவருக்குத் தன் நெஞ்சிலுள்ள எல்இடி தெரியாது என்பதால்தான் மோட்டார். எல்இடி மற்றவர்களுக்கானது, ஒவ்வொரு படத்துக்கும் சற்று முன் அது ஒளிர வேண்டும்.

போர்டில் மைக்ரோஃபோன் இருக்கிறது. பயன்படுத்தாதீர்கள், அதன் துளையைக் கேஸில் திறக்கவே வேண்டாம். குழந்தைகள் பள்ளி, மருத்துவமனை, குளியலறை, உடைமாற்றும் இடம், வழிபாட்டு இடம், அடுத்தவர் வீடு ஆகியவற்றுக்குள் நுழையும்போது மூடுவது பழக்கமாக வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் தானே கையாளும் தரவுக்குப் பொருந்தாது. ஆனால் அந்தரங்க உறுப்புகளை இசைவின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. தானாக எடுத்தது என்று வாதாடிப் பார்க்கும் நிலைக்கு யாரும் போக வேண்டாம்.

கார்டு தொலைந்தால்? எடுத்தவர் கையில் உங்கள் வீடும் நண்பர்களும் இருப்பார்கள். இதற்குத் திறவுகோல் இணை ஒன்றை வீட்டுக் கணினியில் உருவாக்கி, பூட்ட மட்டுமே உதவும் பொதுத் திறவுகோலை மட்டும் கருவியில் ஏற்றுங்கள்; திறக்கும் தனித் திறவுகோல் கணினியிலேயே இருக்கட்டும். கருவி தினமும் ஒரு புதிய ஏஇஎஸ்-256 திறவுகோல் உண்டாக்கி, படங்களை அதனால் பூட்டி, அந்தத் திறவுகோலைப் பொதுத் திறவுகோலால் பூட்டிக் கார்டில் வைக்கும். சில்லுக்குள்ளேயே ஏஇஎஸ் வன்பொருள் இருப்பதால் ஒரு படத்துக்கு ஆகும் நேரம் நொடியின் சிறு பகுதிதான். ஒன்று மட்டும்: நாளின் திறவுகோல் மறுநாள்வரை கருவியின் நினைவகத்தில் இருக்கும் என்பதால், கருவியே திருடுபோனால் அன்றைய படங்களுக்கு இந்தப் பூட்டு முழுக் காப்பு ஆகாது. முந்தைய நாட்கள் பத்திரம்.

படி 8: அளந்து பார்த்தல்

சாதாரண மல்டிமீட்டரை மில்லிஆம்ப் நிலையில் தொடராகப் போட்டால், கேமரா எழும் கணத்தில் மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து போர்டு மறுதொடக்கம் ஆகும். நிரலில் பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 10 ஆம்ப் நிலையில் விழிப்பை அளந்து, தூக்கத்தில் இருக்கும்போது மட்டும் மில்லிஆம்ப் நிலைக்கு மாறுங்கள். அடிக்கடி செய்வதாக இருந்தால் நோர்டிக்கின் பவர் புரொஃபைலர் கிட் 2 வாங்கலாம், 1 ஆம்ப் வரை முழு வரைபடமாகக் காட்டும். இரண்டும் இல்லையா? பேட்டரியை நிரப்பி, ஓடவிட்டு, நிற்கும்வரை எத்தனை படம் விழுந்தது என்று எண்ணி 400ஐ அதனால் வகுங்கள். ஒரு படத்துக்கு 0.13க்கு மேல் போனால் குறிப்புக் கோப்பிலுள்ள விழிப்பு மில்லிநொடியைப் பாருங்கள், அங்கேதான் காரணம் இருக்கும்.

நிரம்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும்; போர்டின் சார்ஜர் மெதுவானது. இரவில், கட்டிலுக்கு வெளியே, கெட்டியான தரையில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். 45 பாகைக்கு மேல் சூடான இடத்தில் கூடாது.

படி 9: 1680 படங்களை என்ன செய்வது

இதைத் திட்டமிடாததால்தான் பலர் இரண்டே வாரத்தில் கருவியைக் கைவிடுகிறார்கள். நேரேட்டிவ் நிறுவனம் படங்களைத் தன் மேகச் சேவையில் தொகுத்துக் கொடுத்தது. 2016இல் நிறுவனம் மூடப்படுவதாக அறிவித்தபோது, கருவி வைத்திருந்தவர்களுக்குத் தொகுப்பின் கதியும் கேள்விக்குறியானது. ஆகவே தொகுப்பது உங்கள் கணினியிலேயே நடக்கட்டும்.

மாலையில் கார்டைச் செருகியதும் ஒரு சிறு பைத்தான் நிரல் ஓட வேண்டும். முதலில் பூட்டைத் திறக்கும். பிறகு, சராசரி ஒளி மிகக் குறைந்த படங்களை (துணி மூடியவை) ஒதுக்கும். ஓப்பன்சிவி என்ற படச்செயலாக்க நூலகத்தின் லாப்லாசியன் மாறுபாட்டை ஒவ்வொரு படத்துக்கும் கணக்கிட்டு மங்கலை அளக்கும். அதன்பின் அடுத்தடுத்த படங்களின் வண்ணப் பரவலையும் முடுக்கமானி எண்களையும் ஒப்பிட்டு, பெரிதாக மாறும் இடத்தில் வெட்டும்: பேருந்து, அலுவலக மேசை, தேநீர்க் கடை, வீடு. ஒரு நாளுக்கு 20 முதல் 30 துண்டு வரும்படி வெட்டும் எல்லையைத் திருத்துங்கள். ஒவ்வொரு துண்டிலும் லாப்லாசியன் எண் உயர்ந்த ஒரு படம் முகப்பாக நிற்கும். முப்பது படங்களைப் பார்க்க இரண்டு நிமிடம். வேண்டிய துண்டை மட்டும் விரித்துப் பார்க்கலாம். லாப்லாசியன் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: கட்டம் போட்ட சுவரும் இலை அடர்ந்த வேலியும் மனித முகத்தைவிட அதிக எண் வாங்கும். முகம் உள்ள படத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தால் முகப்புகள் சரியாகும்.

அழிப்பதையும் நிரலிடமே ஒப்படையுங்கள். கையால் தெரிந்தெடுத்தவை நிரந்தரம், ஒவ்வொரு துண்டின் முகப்பும் ஓராண்டு, மற்றவை 30 நாள். யாராவது தங்களை எடுக்க வேண்டாம் என்று சொன்னால், அந்த நேரத்தைக் கொடுத்தால் முன்னும் பின்னும் பத்து நிமிடத்தை முழுக்க அழிக்கும் ஒரு கட்டளை இருக்கட்டும். காப்புநகலிலிருந்தும் அது அழிக்க வேண்டும். வீட்டுக் கணினியிலுள்ள தனித் திறவுகோலின் நகல் ஒன்றை வேறொரு பென்டிரைவில் வைத்துவிடுங்கள். கணினியின் வட்டு பழுதானால் அது இல்லாமல் ஒரு படத்தைக்கூடத் திறக்க முடியாது.